எந்தப் பேட்டை, தாத்தா?

தாம்பரத்தில் கிளம்பக் காத்திருக்கும் கடற்கரை மின்ரயில். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பேத்தி. அவர் காதுக்குப் பின்னால் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி. அதிலிருந்து போகும் மெல்லிய ஒயரின் நுனியில் ஒரு வட்டச் சில்லு, காந்தத்தால் நரைமுடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேத்தி கணக்கு நோட்டால் வாயை மறைத்துக்கொள்கிறாள். உதட்டைப் பார்ப்பது ஆட்டத்தில் சேராது.

"சானடோரியம்."

"சானடோரியம்."

"குரோம்பேட்டை."

"குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம்..."

"ஏமாத்துற தாத்தா! வரிசை உனக்கு மனப்பாடம்." கலைத்துப் போடுகிறாள். "சைதாப்பேட்டை."

நெற்றி சுருங்குகிறது. "குரோம்பேட்டையா?"

பாதி சரிதான். சொல்லின் நீளம் பிசகவில்லை, வாலும் பிடிபட்டிருக்கிறது. பேச்சின் நடை முதலில் நுழைந்துவிடும். மெய்யெழுத்துகள் பின்தங்கித்தான் வரும். உட்காதின் நத்தைச் சுருளில் ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் மயிரணுக்கள் சுமார் 3,500. அத்தனையின் வேலையையும் ஒரு கம்பெனிக் கருவியில் 12 மின்முனைகள், இன்னொன்றில் 22 பார்க்கின்றன. அந்த மின்முனைகளைத் தாங்கும் கம்பியும் பெரும்பாலும் சுருளின் உள்கோடிவரை போவதில்லை; கனத்த ஒலிகளின் இடம் அங்கேதான். ஆகவே தொடக்கத்தில் கட்டைக்குரல்கூடக் கீச்சென்று கேட்கலாம். ஆடியாலஜிஸ்ட் மேப்பிங் செய்து மின்னளவைத் திருத்துவார். மூளை பழகத்தான் மாதக்கணக்கு ஆகும்.

"என் வாய்ஸ் இப்ப எப்படியிருக்கு?"

"போன மாசம் கார்ட்டூன் பொம்மை. இப்பக் கொஞ்சம் நீதான்."

"அப்பா?"

"உங்கப்பனுக்கும் உங்கம்மாவுக்கும் இன்னும் ஒரே குரல்."

பேத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. முதல்வர் காப்பீட்டில் 6 வயதுக்குள் இந்தக் கருவியை இலவசமாக வைக்கிறார்களே, அவர்களுக்கு இதுதான் ஒலி, ஒப்பிட வேறில்லை. இவரோ ஒவ்வொரு சொல்லையும் பழைய நினைவோடு உரசிப் பார்க்க வேண்டும். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. உரசிப் பார்க்க ஒன்று இருப்பதால்தானே "கொஞ்சம் நீதான்" என்று சொல்ல முடிகிறது?

வண்டி நகர்கிறது. இரைச்சல் ஏறியதும் பெரியவர் முகம் வாடுகிறது; இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிப்பதில் இந்தக் கருவி இன்னும் மட்டம். சமோசாக்காரர் தலைக்குமேல் கூவ, விரல் அனிச்சையாகச் சில்லுக்குப் போகிறது. எடுக்கவில்லை. அழுத்திச் சரிசெய்துகொள்கிறார்.

பேத்தி நோட்டோடு நெருங்கி வருகிறாள். "தாத்தா, கிண்டியில எறங்கினதும் ஐஸ்கிரீம் வாங்கித் தர்றியா?"

கண்ணை மூடி வெகுநேரம் யோசிக்கிறார்.

"சேத்துப்பட்டு."

"பொய்! உனக்குக் கேட்டுச்சு!" நோட்டு அவர் தோளில் இறங்குகிறது.