காற்றைக் கற்பிப்போர்

கற்பித்தற்றொழில் பல வகைப்படும். ஏட்டில் உள்ளதைக் கற்பிப்போர் உளர். கைத்தொழிலைக் கற்பிப்போர் உளர். தச்சாசிரியன் உளியையும் மரத்தையும் மாணவன் முன் எடுத்து வைத்துக் கற்பிக்கலாம். தாம் கற்பிக்கும் பொருளை இவ்வாறு எடுத்துக் காட்ட இயலாத நிலையில் நிற்போரும் சிலர் உளர். பாய்ப்படகு செலுத்தப் பயிற்றுவோர் இவ்வகையினர். அவர்களுக்கு உளியாகவும் மரமாகவும் அமைவது காற்று. அதுவோ கட்புலனாகாதது; எவருடைய கட்டளைக்கும் பணியாதது.

இத்தொழில் பற்றி நம்மவரிடையே உயர்ந்த மதிப்பீடு இருப்பதாகக் கூறவியலாது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் ஓய்வுநேர விளையாட்டுக்குத் துணைநிற்கும் சிற்றூழியம் என்றே பலர் இதனைக் கருதுவர். இயந்திரம் வந்தபின் பாய் எதற்கு என்பது அவர்கள் எழுப்பும் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஒரு தொழிலை எடைபோடுமுன் அத்தொழிலாளன் செய்வது யாதென நோக்குதல் முறையாகும்.

மொறட்டுவையை அடுத்துள்ள பொல்கொட ஏரியிற் பாய்ப்படகோட்டம் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகின்றது. அங்கே வார இறுதி நாட்களிற் சிறுவர்க்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர் ஒருவர் உளர். ஐம்பது வயதைக் கடந்தவர், வல்வெட்டித்துறையிற் பிறந்தவர். பிள்ளைகள் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே அவர் கரைக்கு வந்துவிடுவார். படகுகளின் அடைப்புகள் இறுகியுள்ளனவா, கயிறுகள் நைந்துள்ளனவா, உயிர்காப்பு அங்கிகளின் வார்கள் உறுதியாக உள்ளனவா என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பின்னர் நீர்ப்பரப்பை நெடுநேரம் நோக்கி நிற்பார். காற்றைக் காணவியலாதெனினும் அதன் அடிச்சுவட்டைக் காணலாம். வலிய காற்று வீசுமிடத்து நீர் சுருங்கிக் கருமையடையும். காற்றொழிந்த இடம் கண்ணாடிபோல் ஒளிரும். அன்று பிள்ளைகளை நீரில் இறக்கலாமா, ஆகாதா என்ற முடிவு அந்நேரத்திலேயே அவருள்ளத்தில் உருவாகிவிடும்.

பிள்ளைகள் பயிலும் படகு ஒப்ரிமிஸ்ற் எனப்படுவது. 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கிளியர்வோட்டர் நகரிற் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்க்கென அதனை வடிவமைத்தார். எளிதிற் கிடைக்கும் ஒட்டுப்பலகையைக்கொண்டு எவரும் செய்துகொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டுமென்பதே அவர் நோக்கம். நீளம் 8 அடிக்கும் சற்றுக் குறைவு, அணியம் கூர்மையின்றித் தட்டையாக இருக்கும், பாய் ஒன்றே. பார்வைக்கு ஒரு மரப்பெட்டி போன்றது. ஆயினும் அதிலே ஒருவர்க்கு மேல் இருக்க இடமில்லை என்பதிலேதான் அதன் சிறப்பு அடங்கியுள்ளது. அப்படகிலே ஆசிரியர் ஏறிக்கொள்ளவியலாது. பிள்ளை தனியே செல்லல் வேண்டும். அன்றேற் கரையில் நிற்றல் வேண்டும்.

எனவே ஆசிரியரின் பணியிற் பெரும்பகுதி கரையிலேயே நிறைவெய்தல் வேண்டும். முதற்பாடம் காற்றின் திசையறிதல். "காற்று எங்கேயிருந்து வருது, சேர்?" என்று புதிதாக வந்த சிறுமி கேட்டால் அவர் விரலை நீட்டிக் காட்டுவதில்லை. "உம்மடை காதைக் கேளும், தங்கச்சி" என்பார். கண்ணை மூடி முகத்தை மெல்லத் திருப்பி, இரு செவியிலும் ஒரே அளவாகக் காற்றின் ஒலி கேட்குமிடத்தில் நிறுத்தினால், முகம் நோக்குந் திசையே காற்று வருந் திசையாகும். சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கும் இப்பாடம் ஒன்றே.

இரண்டாம் பாடம் செல்லுதல் அன்று, நிற்றல். பாயை அடக்கியாளும் கயிற்றைத் தாமான் என்பர். அச்சங்கொண்ட பிள்ளை எதனையும் இறுகப் பற்றிக்கொள்ளுதல் இயல்பு. பாய்ப்படகிலோ பற்றுதலே ஆபத்து. தாமானைக் கைவிட்டாற் பாய் காற்றை இழந்து படபடக்கும். படகு வேகங்குன்றி நிமிரும். அஞ்சும்போது கையை விடுவதற்குப் பிள்ளையைப் பழக்கியெடுத்தல் எளிதன்று. கரையிலே நிறுத்திவைத்த படகில் அமர்த்தி, அவர் திடீரெனக் குரல்கொடுக்க அவர்கள் கயிற்றை விடுவதாக, ஐம்பது தடவையேனும் இது நிகழும். மூன்றாவது பாடம் கவிழ்தல். ஆழங்குறைந்த நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, படகைவிட்டு நீந்திச் செல்லாதிருக்கவும், நடுப்பலகையின்மீது ஏறி நின்று அதனை நிமிர்த்தவும், உட்புகுந்த நீரை இறைக்கவும் கற்பிப்பார். கவிழ்ந்தெழுந்த பிள்ளைக்கு அதன்பின் ஏரி அத்துணை அச்சந்தருவதன்று.

இவையனைத்தும் முடிந்தபின் அப்பிள்ளை முதன்முறையாகத் தனித்துச் செல்லும் நாள் வரும். ஆசிரியர் தம் இயந்திரப் படகிற் சற்றுத் தொலைவிலே மிதந்துகொண்டிருப்பார். அவர் தொழிலின் கடினமான பகுதி அப்போதே தொடங்குகின்றது.

காற்றை நேரெதிர்த்துப் பாய்ப்படகு செல்லாது. காற்று வருந் திசைக்கு இருமருங்கும் ஏறத்தாழ 45 பாகை அளவுக்குள் அதற்கு வழியில்லை. அத்திசையில் உள்ள இடத்தை அடைய விரும்புவோர் ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் சாய்ந்து சாய்ந்தே செல்லல் வேண்டும். திரும்பும்போது வேகம் போதாதாயின் படகு காற்றின் முகத்தில் அகப்பட்டு, பாய் துடிக்க, பின்னோக்கி நகரத் தொடங்கும். ஒருநாட் சிறுமியொருத்தி இவ்வாறு அகப்பட்டுக்கொண்டாள். சுக்கானை அங்குமிங்கும் தள்ளினாள்; பயனில்லை. ஏனைய படகுகள் அவளைக் கடந்து சென்றன. படகுத்துறையில் நின்ற தாய் பதறினார்.

"சேர், பிள்ளை தத்தளிக்குது, போய் இழுத்துக்கொண்டு வாங்கோ."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பிள்ளை தானாக் கண்டுபிடிக்கும்" என்றார் ஆசிரியர். இயந்திரத்தை அவர் முடுக்கவில்லை. செய்யவேண்டியது யாதென அவருக்குத் தெரியும்: பாயின் கீழ்க்கழியையும் சுக்கான்பிடியையும் ஒரே பக்கத்துக்குத் தள்ளினாற் படகு பின்னோக்கி வளைந்து காற்றின் முகத்தினின்று விலகும், பின் இரண்டையும் தன்பக்கம் இழுத்தால் முன்னோக்கிச் செல்லும். கரையிலே அதனைக் கற்பித்தும் இருந்தார். ஒரு சொல் போதும். அச்சொல் அவர் நாவின் நுனியில் இருந்தது. ஆயினும் அதனை அவர் கூறவில்லை. சில நிமிடங்கள் கழிந்தன. சிறுமி சுக்கானைத் துழாவுவதை நிறுத்திப் பாயை நிமிர்ந்து நோக்கினாள். கழியைத் தள்ளினாள். படகு தயங்கித் திரும்பியது, பாய் நிறைந்தது.

இவ்வாறு வாளாவிருத்தலை அசட்டையென்று கொள்ளலாகாது. அந்நிமிடங்களில் அவர் சிறுமியின் அங்கியையும், அவள் தலை தாழ்ந்திருந்த கோணத்தையும், மேற்கே கருத்திருந்த நீர்ப்பரப்பையும் மாறிமாறி நோக்கிக்கொண்டேயிருந்தார். கவிழ்ந்த படகின் அருகே தலை உடனே தென்படாவிடினும், பிள்ளையின் கை குளிரால் நடுங்கினும், மழைக்காற்று எழுவதற்கான குறி தோன்றினும் அவர் ஒரு கணமும் தாமதியார். தலையிடவேண்டிய கணத்தையும் தலையிடலாகாத கணத்தையும் பிரித்தறியும் ஆற்றலுக்கே அவர் ஊதியம் பெறுகின்றார் எனல் பொருந்தும். முன்னதிற் பிழைத்தால் உயிருக்கு இடர். பின்னதிற் பிழைத்தால், தானே கரைசேர அறியாத ஒருவரை உருவாக்கியவராவார்.

பந்தயத்துக்குப் பயிற்றும்போதும் இக்கொள்கையே தொடர்கின்றது. காற்றை இடப்பக்கத்தில் ஏற்று வரும் படகு, வலப்பக்கத்தில் ஏற்று வரும் படகுக்கு வழிவிடல் வேண்டுமென்பது அடிப்படை விதி. பெரும்பாலான பந்தயங்களில் நடுவர் உடன் வந்து சீழ்க்கை ஊதுவதில்லை. விதியை மீறியவன் தானே அதனையுணர்ந்து, விலகிச் சென்று, தன் படகை இருமுறை சுழற்றித் தண்டனையை நிறைவேற்றிய பின்னரே பந்தயத்தைத் தொடரல் வேண்டும். அதற்குள் நால்வர் முந்திச் சென்றிருப்பர். எவரும் காணாதவிடத்தும் சுழன்றுவிட்டு வரும் பிள்ளையைக் குறித்தே இவ்வாசிரியர் மிகுந்த மகிழ்ச்சி கொள்வார்.

உயிர்காக்கும் கல்வியாகப் பாய்ப்படகோட்டம் கருதப்பட்ட வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பல நீர்மூழ்கிகளால் அழிக்கப்பட்டன. உயிர்காப்புப் படகுகளில் ஏறியோருள் உடல்வலி மிக்க இளைஞர் மடிய, பாய்க்கப்பற் காலத்துப் பழகிய முதியோர் உயிர்தப்பிய செய்தி கப்பல் நிறுவனத்தாரைச் சிந்திக்கச் செய்தது. நிறுவன உரிமையாளருள் ஒருவரான லோரன்ஸ் ஹோல்ற் என்பவரும், ஜேர்மனியிலிருந்து வெளியேறிய கல்வியாளரான குர்ட் ஹான் என்பவரும் இணைந்து 1941 இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் இளைஞர்க்கான கடற்பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினர். இளையோரிடம் குறைந்திருந்தது தசைவலியன்று; தம்மீது கொள்ளும் நம்பிக்கையே என்பது அவர்கள் கண்ட முடிபு.

1947 இற் பிரான்சில் வேறொரு முயற்சி தோன்றியது. நாசி ஆதிக்கத்துக்கெதிராக மறைவாகப் பத்திரிகை நடத்திய பிலிப் வியனே, அவர் மனைவி எலென் ஆகியோர், போராலும் சிறையாலும் நலிந்த தோழர்கள் தேறுவதற்கென பிரித்தானி மாகாணத்துக் கரைக்கப்பாலுள்ள கிளேனான் தீவுகளை நாடினர். அவ்விடம் நாளடைவிற் பெயர்பெற்ற பாய்ப்படகுப் பள்ளியாக வளர்ந்தது. அங்கு கற்றோர் பலர், ஊதியமின்றி, அடுத்து வருவோர்க்கு ஆசிரியராயினர். சமையலும் படகுத் திருத்தமும் அனைவர்க்கும் பொதுவாயின. அவர்கள் கற்பித்தவை 1961 இற் பாடநூலாகவும் வெளிவந்தன. பாயை நம்பி வாழ்ந்த காலம் மறைந்துகொண்டிருந்த வேளையிலே, அவ்வறிவு பள்ளிக்குள் அடைக்கலம் புகுந்தது எனலாம்.

இவ்விடத்தில் நமது கரையை நினையாதிருத்தல் இயலாது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் விலைக்கு வாங்க, அது புதுப்பெயர் பூண்டு, வல்வை மாலுமிகளுடன் சூயெஸ் வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டிய கைகளும் செலுத்திய கைகளும் எப்பள்ளியிலும் பயின்றவையல்ல. சிறுவன் கப்பலிற் சமையலுக்கு உதவியாளனாகச் சேர்வான், கயிறு திரிப்பான், பாய் தைப்பான், ஆண்டுகள் பல கழிந்தபின் ஒருநாட் தண்டையல் அவன் கையிற் சுக்கானைக் கொடுப்பார். பிழைப்பே பள்ளியாக இருந்தது. இயந்திரக் கப்பல்களும் மாறிய வணிக விதிகளும் அப்பிழைப்பை முடிவுறுத்தியபோது பள்ளியும் உடன் முடிவுற்றது. கற்பிப்பதற்கென்று தனியே எவரும் இருக்கவில்லை. அன்று அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பொல்கொட ஏரியில் நிற்கும் ஆசிரியரின் பாட்டனார் அத்தகைய கப்பல்களிற் றொழில் புரிந்தவர். தந்தையார் கணக்கெழுதி வாழ்ந்தவர், பாயைத் தொட்டறியார். பேரனோ தமது இருபத்திரண்டாம் வயதிற் கொழும்புக்கு வந்து, பிறர் படகிலே, ஆங்கிலச் சொற்களின் வாயிலாகவே இவ்வித்தையைக் கற்றார். பாட்டனாரிடமிருந்து அவருக்குக் கிடைத்தவை தாமான், அணியம், சோழகம், கொண்டல் முதலிய சில சொற்கள் மட்டுமே. அவற்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் தவறாது சொல்லிக்கொடுக்கின்றார். சிங்களப் பிள்ளைகளுட் சிலரும் "தாமான்" என்றே கூவக் கேட்கலாம்.

இயந்திரம் வந்தபின் பாய் எதற்கு என்ற வினாவுக்கு விடை இவற்றுள் அடங்கியுள்ளது. பிழைப்போடு பிணைந்த அறிவு பிழைப்பு அழியுங்கால் உடனழிகின்றது. அதன்பின் அதனைக் காப்பவர், பிழைப்புக்காகவன்றி அறிவுக்காகவே கற்பிக்க முன்வருவோர் மட்டுமே. நெசவு, மரக்கலம் கட்டுதல், வில்லிசை, மருத்துவம் எனப் பலவற்றுக்கும் இது பொருந்தும். செல்வர் பிள்ளைகளே இன்று பெரிதும் கற்கின்றனர் என்பது உண்மையாயின், அது கற்பிப்போர் குறையன்று. பிறர்க்கு அவ்வாய்ப்பை அமைத்துக் கொடாதோர் குறையாகும். ஒட்டுப்பலகைப் படகு செல்வர்க்கென்று பிறந்ததன்று.

வடக்கிலும் கிழக்கிலும் ஆழங்குறைந்து அகன்ற களப்புகள் உள்ளன. சோழகம் மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசுகின்றது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 இல் எழுந்த கடற்கோள் அக்கரைவாழ் தாய்மார் நெஞ்சில் ஊன்றிய அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை; பிள்ளையை நீரருகே விடத் தயங்குவோரைக் குறைகூறல் பொருந்தாது. அச்சம் நீங்கவேண்டுமென்று எவரும் கட்டளையிடவியலாது. அங்கி அணிவித்து, கவிழக் கற்பித்து, சற்றுத் தொலைவில் விழிப்போடிருக்கும் ஒருவரை முதலிற் காட்டல் வேண்டும். அத்தகையோர் சிலரைப் பயிற்றியெடுத்து ஒவ்வொரு களப்புக்கும் அனுப்புதல் பெருஞ்செலவு வேண்டும் காரியமன்று. தண்டையல்மாரின் சொற்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் வாழும்போதே இது தொடங்கப்படல் நன்று.