சேய்மையும் அண்மையும்

தமிழ் இலக்கணத்திலே சுட்டெழுத்துக்கள் மூன்று. அகரம் சேய்மையையும், இகரம் அண்மையையும், உகரம் அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதையும் சுட்டும். தமிழகத்துப் பேச்சில் அருகிவிட்ட உகரச்சுட்டு, யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழ்கின்றது. வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம், இக்கல்லூரியிலே கற்று இலண்டன் மாநகரில் வாழும் என் தமையனாரை நினைத்துக்கொள்வேன்.

கொழும்பிலிருந்து இலண்டன் நேர்வான்வழியில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். தட்டையான உலகப்படத்திற் கீறும் நேர்கோடு மிகக் குறுகிய வழியாகாது. பூகோளவுருண்டையின்மேல் நூலொன்றை இழுத்துப் பிடித்தால், அஃது அரபிக்கடல், ஈரான், கருங்கடல் ஆகியவற்றின் மேலாக வடக்கே வளைந்து செல்லக் காணலாம். உக்கிரைன் வான்வெளி 2022 இல் போரினால் அடைபட்டபின் விமானங்கள் அதனை விலக்கிச் செல்கின்றன. ஆயினும் பயணம் ஏறக்குறைய 11 மணித்தியாலமே. நம் கடிகாரம் இலண்டனுக்கு மாரியில் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆதலின், பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்படுவோர் அன்று மாலை ஆறரை மணியளவில் அங்கு இறங்கலாம். நம் பாட்டனார் காலத்திலே சுயஸ் கால்வாய் வழியாகச் சென்ற கப்பலுக்கு மூன்று கிழமையளவு வேண்டியிருந்தது.

இக்கணக்குக்கு அடங்காத தூரமொன்றையும் எம் தலைமுறை கண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 1994 இல் தமையனார் புறப்பட்டபோது கண்டி வீதி அடைபட்டிருந்தது. இரவிலே கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்து, வவுனியாவிலே காத்திருந்து, நான்காம் நாளே அவர் கொழும்பை அடைந்தார். அங்கிருந்து இலண்டன் சேர ஒரு நாளும் செல்லவில்லை.

1998 இல் எம் தந்தையார் காலமானார். செய்தி தமையனாரை எட்டியது மூன்றாம் நாளிலே. கொழும்புவரை அவர் வந்துவிடலாம். அதற்கப்பால் எத்தனை நாள் செல்லுமென்று கூறுவார் எவருமிலர். மூத்த மைந்தர் ஆற்றவேண்டிய கடனைப் பதினெட்டு வயதினனாகிய நானே ஆற்றினேன்.

2023 இல் அன்னையார் மறைந்தபோது, செய்தி கேட்ட அன்றிரவே தமையனார் விமானமேறினார். கட்டுநாயக்காவில் இறங்கி, தரைவழியே விடியுமுன் வீட்டு வாயிலை அடைந்தார். அன்னையாரின் முகத்தை நெடுநேரம் நோக்கியிருந்து வாய்க்கரிசியிட்டார். பின்னர் தந்தையாரின் படத்தின் முன் சென்று நின்றார். ஒருவரும் அவரை அழைக்கவில்லை.

நகரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வானவழியும் முன்போலவே இருந்தது. இடையிலே திறந்தது இந்த 400 கிலோமீற்றரே. பிரிவின் அளவை நீட்டியதும் குறுக்கியதும் அதுவே.

கிழமைதோறும் தமையனார் தொலைபேசியிற் பேசுவார். முதற்கேள்வி எப்போதும், “உங்கை மழையோ?” என்பதே. “அங்கை” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பது ஆண்டு அயல்நாட்டில் வாழ்ந்தும், பிறந்த வீட்டைச் சேய்மைச் சுட்டாற் சுட்ட அவர் நா எழவில்லை. இலக்கண நூலில் ஓரெழுத்தாக நான் கற்பித்தது, அவர் வாயில் ஓர் உறவாக ஒலிப்பதைக் கேட்கின்றேன்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்காள்! வழி இன்று திறந்திருக்கின்றது. வழி அடைபட்டு நின்ற நாளை அறிந்தவர் நாம். முதிய பெற்றோரையும் ஆசிரியரையும் காண, ஈமச்செய்தி வரும்வரை காத்திராதீர். யூபிலி விழாவுக்கு வாருங்கள். வந்து, உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளாகத்தை அண்மைச் சுட்டாற் காட்டி, “இது நான் படித்த வகுப்பு” என்று கூறுங்கள்.