அப்பாவின் போனும் ஒரு கறுப்பு ஒயரும்

எங்கள் வீட்டு டி.வி ஸ்டாண்டின் கடைசி டிராயரை யாரும் முழுசாக இழுக்க மாட்டோம். இழுத்தால் திரும்ப மூடாது. பழைய சார்ஜர், ஹெட்போன், எதற்கென்றே தெரியாத ஒயர்கள் எல்லாம் கறுப்பாகப் பின்னிக் கிடக்கும். "என்னைக்காவது உதவும்" என்பார் அப்பா. "காயலான் கடைக்குப் போடுங்க" என்பார் அம்மா.

கடந்த அக்டோபரில் அப்பாவின் போனும் அங்கே போய்ச் சேர்ந்தது.

நாலு வருஷம் உழைத்த போன். பேட்டரி உப்பி, பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமே என்று தெருமுனை சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன்.

"பசை போட்டு ஒட்டியிருக்கும்மா. சூடு காட்டித்தான் பிரிக்கணும். டிஸ்ப்ளே போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றார் கடைக்கார அண்ணன். டிஸ்ப்ளே போனது. புது டிஸ்ப்ளேயின் விலையைக் கேட்டதும், பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு போனை மட்டும் வாங்கி வந்தேன். அண்ணன் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம். அப்பா மட்டும், "என் பட்டன் போனை நகத்தாலயே திறந்துடுவேன்" என்றார்.

அக்டோபர் 14 சர்வதேச மின்கழிவு தினம். ஆபீஸில் அதற்கான கட்டுரை என் தலையில் விழுந்தது. தகவல் தேடியபோதுதான் ஃபார்மாஃபான்டாஸ்மா என்ற டிசைன் ஸ்டூடியோவைப் பற்றிப் படித்தேன். ஆண்ட்ரியா டிரிமார்க்கி, சிமோனே ஃபாரெசின் என்ற இரண்டு இத்தாலியர்கள் 2009-ல் தொடங்கியது. ஒரு பொருள் எதிலிருந்து வருகிறது, கடைசியில் எங்கே போகிறது என்று துருவி விசாரிப்பதுதான் இவர்கள் வேலையின் முதல் பாதி. எட்னா எரிமலையின் லாவாவை உருக்கிக் கண்ணாடிப் பொருள்கள்கூடச் செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்காக இவர்கள் மின்கழிவை ஆராய்ந்தார்கள். 'ஓர் ஸ்ட்ரீம்ஸ்' என்று அதற்குப் பெயர். மறுசுழற்சி செய்பவர்கள் உட்படப் பலரிடம் பேசினார்கள். தூக்கிப்போட்ட எலெக்ட்ரானிக் பொருள்களைக் கொண்டு ஆபீஸ் மேஜை, நாற்காலி செய்து காட்டினார்கள்.

எனக்கு மேஜையைவிட அவர்கள் சொன்ன ஒயர் கதைதான் மனதில் நின்றது. மறுசுழற்சி ஆலையில் நொறுக்கிய கழிவை, ஒளியால் அடையாளம் காணும் கருவிகள் தரம் பிரிக்கின்றன. ஒயரின் மேலுறை கறுப்பாக இருந்தால் கருவிக்கு அது சரியாகத் தெரிவதில்லை. உள்ளே நல்ல செம்பு இருந்தும் பிரயோஜனமில்லை. 'நிறத்தை மாற்றுங்கள், ஆபத்தான பாகங்களுக்குத் தனி நிறம் கொடுங்கள்' என்கிறார்கள். இவ்வளவு சின்ன விஷயம்!

2022-ல் உலகம் தூக்கிப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான் என்கிறது ஐ.நா அறிக்கை.

படித்து முடித்தபோது கடைக்கார அண்ணன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அப்பாவின் போன் கெட்டது அவர் கையில் இல்லை. பசையா, ஸ்குரூவா என்று யாரோ தீர்மானித்த அன்றைக்கே அது முடிவாகிவிட்டது.

அதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் தளத்தில் புது போன் செய்திகளை எழுதுவது நான்தான். எத்தனை மெகாபிக்ஸல், எவ்வளவு மெலிசு என்று எழுதியிருக்கிறேன். பேட்டரியைக் கழற்ற முடியுமா, ஸ்பேர் கிடைக்குமா என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. இப்போது அதையும் விசாரித்து எழுதுகிறேன்.

கேட்டால் மாறும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல், விற்பனைக்கு வரும் புது போன்களுக்கு யூ.எஸ்.பி-சி சார்ஜிங் கட்டாயம். போனுக்கொரு சார்ஜர் தேவையில்லை.

போன வாரம் அப்பாவுக்குப் புது போன் வாங்கப் போனோம். கேமராவைப் பற்றிக் கடைப் பையன் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் அப்பா கேட்டார்: "பேட்டரி போச்சுன்னா மாத்த முடியுமா தம்பி?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "யாருமே இதைக் கேட்டதில்லை சார்" என்று சொல்லிவிட்டு, விசாரிக்க உள்ளே போனான்.

அடுத்து போன் வாங்கும்போது நீங்களும் கேளுங்களேன்!