மகளின் மொழி

2022ஆம் ஆண்டு, தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலை நேரம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரிமாண்ட் நகரில் நாங்கள் குடியேறி ஓராண்டு நிறைந்திருந்தது. வாயில் மணி ஒலிக்கவே கதவைத் திறந்தேன். வெண்ணிறச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த இரு இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தனர். இருவர் மார்பிலும் கறுப்பு நிறப் பெயர் அட்டை. மார்மன்கள் என்று உலகம் வழங்கும் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'யின் போதகர்கள் என்று கண்டதும் அறிந்துகொண்டேன். "நாங்கள் கத்தோலிக்கர்" என்று சொல்லிக் கதவை மூட எண்ணினேன். அதற்குள் ஒருவர், "அம்மா, இத்தெருவில் காது கேளாதோர் எவரேனும் இருக்கிறார்களா? அவர்களைத் தேடியே வந்தோம்" என்றார்.

"இல்லை" என்று கூற வாயெடுத்தேன். இதை எழுதும்போது இன்றும் என் கை கூசுகிறது. ஏனெனில் எங்கள் ஒரே மகள், பதினொரு வயதுச் சிறுமி, பிறவியிலேயே காது கேளாதவள். நான் பதில் கூறுமுன் அவள் என் பின்னால் வந்து நின்று, யார் என்று சைகையால் வினவினாள். விடை அளித்தவர் அந்த இளைஞர். அவருடைய கைகள் அசைய அசைய, என் மகளின் முகத்தில் நான் அதுவரை காணாத மலர்ச்சி தோன்றிற்று.

என் கணவர் வீட்டிலிருந்தமையால் அவர்கள் உள்ளே வந்தனர். தனித்திருக்கும் பெண்ணின் வீட்டிற்குள் நுழைவதில்லை என்பது அவர்களது ஒழுங்கு.

வாசக அன்பர்களுக்கு எங்கள் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். முன்பு வாழ்ந்த ஊரில் நிபுணர் ஒருவர், "சைகையைக் கற்பித்தால் பிள்ளைக்குப் பேச்சே வராது" என்று எச்சரித்திருந்தார். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு ஒன்று, பேச்சு முறையே சிறந்ததென்று தீர்மானித்துச் சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. அதற்காக 2010இல் வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இவை எவையும் அன்று எங்களுக்குத் தெரியாது. உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழகுவதிலேயே குழந்தையின் ஆண்டுகள் கழிந்தன. எங்களுக்கு மட்டும் விளங்கும் சில சொற்களே பலன்.

பிரிமாண்ட் நகரில் காது கேளாதோர்க்கான மாநிலப் பள்ளி 1980 முதல் நடைபெற்று வருகிறது. அதன் பொருட்டே இங்கு வந்தோம். ஓராண்டில் மகளுக்கு மொழி வாய்த்தது. நாங்களோ வேலையையும் நேரமின்மையையும் காரணம் காட்டிக் கற்காமல் இருந்தோம். சாப்பிடு, தூங்கு, நேரமாயிற்று என்பவற்றோடு எங்கள் உரையாடல் முடிந்துவிடும்.

அந்த இளைஞர்கள் சில மாதங்கள் சனிக்கிழமைதோறும் வந்தனர். இருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. ஆயினும் 'மூப்பர்' என்பதே அவர்களுக்குரிய பட்டம்! எங்கே செல்வது, எம்மொழியில் பணிபுரிவது என்பதை அவர்கள் தெரிவு செய்வதில்லை. சபையின் தலைமையே பணித்து அனுப்பும். யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரில் சில வாரப் பயிற்சி; பின்னர் இரண்டாண்டுப் பணி. செலவுக்குத் தங்கள் சேமிப்பும் குடும்பத்தாரின் உதவியும். காலை ஆறரைக்கு எழுந்து செபமும் படிப்பும். அதன்பின் இரவுவரை வீடு வீடாக அலைச்சல். 2019 வரை பெற்றோருடன் ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்து பிறப்பு நாளிலும் அன்னையர் தினத்திலும் மட்டுமே பேசலாம். அதன்பின் வாரம் ஒருமுறை பேச அனுமதி கிடைத்தது.

"தொடக்கத்தில் மிகவும் அழுதேன்" என்றார் இளையவர். விரித்த உள்ளங்கையை மார்பில் வட்டமாகச் சுழற்றினால் 'தயவு செய்து' என்று பொருள். கையை முட்டியாக மடக்கிச் சுழற்றினால் 'வருந்துகிறேன்' என்று பொருள். இரண்டையும் குழப்பி, ஒரு முதியவரிடம் ஒரு மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்! முதியவர் சிரித்துவிட்டு, அவர் விரல்களைப் பிடித்துத் திருத்தினாராம்.

ஒரு சனிக்கிழமை என் மகள் அவரிடம் நெடுநேரம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் என்னை நோக்கினார். "அம்மா, உங்கள் மகள் கேட்பது இது: இரவில் அம்மா மணிமாலையைப் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைக்கிறார். சில நாள் அழுகிறார். யாரோடு பேசுகிறார்? என்னால்தான் அழுகிறாரா? இதற்கு நான் விடை சொல்வது முறையன்று. நீங்களே சொல்லுங்கள். சைகைகளை மட்டும் நான் காட்டித் தருகிறேன்."

நான் இடிந்து போனேன். பதினொரு ஆண்டுகள் எவளுக்காகச் செபமாலை சொன்னேனோ, அவளுக்கு அது யாரோடு பேசும் பேச்சு என்பதே தெரியவில்லை. நடுவிரலால் இரு உள்ளங்கைகளையும் மாறி மாறித் தொட்டால் 'இயேசு'; ஆணிகளின் தழும்பே அவர் பெயர். அதை முதலில் கற்றேன். பிறகு, திருப்பலியில் பாவ அறிக்கையின்போது நெஞ்சில் அறைந்துகொள்ளும் அதே கையை முட்டியாக மடக்கி, மகள் முன் மார்பில் சுழற்றினேன். வருந்துகிறேன் மகளே! அவள் என் கையைப் பிடித்து நிறுத்திக் கட்டிக்கொண்டாள்.

இதை எங்கள் பங்குத்தந்தையிடம் கூறினேன். மார்மன் போதனைக்கும் நமது விசுவாசத்திற்கும் வேறுபாடு பெரிது. அவர்களது திருமுழுக்கு செல்லாது என்று நமது திருச்சபை 2001இல் அறிவித்துள்ளது. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால், "அவர்கள் உங்கள் மகளின் மொழியைக் கற்றார்கள். நாம் ஏன் கற்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

வரலாற்றை நோக்கினால் வெட்கம் இன்னும் மிகுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்து, அத்தகையோரின் சைகையைத் தாம் கற்று, அவர்களுக்கென இலவசப் பள்ளி நடத்தியவர் தே லெப்பே என்னும் கத்தோலிக்கக் குரு. அப்பள்ளியில் பயின்ற லோரான் கிளேர் அமெரிக்கா சென்று, 1817இல் ஆர்ட்பர்ட் நகரில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். அந்த வித்திலிருந்து வளர்ந்ததே இன்றைய அமெரிக்கச் சைகை மொழி. நம் குரு ஒருவர் ஏற்றிய விளக்கை, வேற்றுச் சபை இளைஞர் என் வீட்டிற்குக் கொண்டுவந்தார்! நம்மவரும் உறங்கிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்துத் திருச்சூரில் காது கேளாதவரான ஜோசப் தேர்மடம் குருவாக அருட்பொழிவு பெற்ற செய்தியை மகளுக்குக் கைகளாலேயே சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள்.

இளைஞர்கள் வேறு ஊருக்கு மாற்றப்பட்டனர். விடைபெறும் நாளில் அவர்களுக்கு இட்லி பரிமாறினேன். நாங்கள் அவர்கள் சபையில் சேரவில்லை. அவர்களும் அதனால் அன்பில் குறையவில்லை. நானும் கணவரும் மாலை வகுப்பில் சேர்ந்து பயின்றோம். இப்போது இரவுச் செபமாலையை மூவரும் கைகளாலேயே சொல்கிறோம்.

நம் ஆண்டவர் காது கேளாதவரைக் குணமாக்கியபோது, முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, காதுகளையும் நாவையும் தொட்டார். சொல் பிறகே வந்தது. உங்கள் பங்கிலும் திருப்பலியின்போது ஒன்றும் விளங்காமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த ஞாயிறன்று அவரருகே சென்று அமருங்கள். அவருடைய மொழியில் ஒரு சொல்லையேனும் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.