ஏழு படி

தியாகராய நகரில் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் ஏழு படி ஏற வேண்டும். "இதென்ன, வீடா, கோபுரமா?" என்று முழங்கால் வலிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். சிறு வயதில் நாமும் அந்தப் படிகளைச் சபித்ததுண்டு. இப்போது படிகள் ஐந்துதான். தார் போட்டுப் போட்டுத் தெருவே இரண்டு படியை விழுங்கிவிட்டது!

அவை பாட்டனாரின் பிடிவாதத்தால் வந்த படிகள். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வேலி நிலத்தை உழுது, குறுவையும் தாளடியுமாக விளைவித்து, நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். தமக்கென்று வாங்கிக்கொண்டது வருஷத்துக்கு இரண்டு வேஷ்டியும் மூக்குப்பொடியுந்தான். பொடியையும் அறுவடைக்குப் பிறகே தாராளமாகப் போடுவார்.

1958-இல் நம் தகப்பனார் மனை வாங்கியதும் பாட்டனார் பார்க்க வந்தார். மனையை விட்டுத் தெருவின் வாட்டத்தைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டி, அது ஓடும் திசையைக் கவனித்தார்.

"ஏண்டா, இது ஏரியல்லவா?"

உண்மைதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் இந்த நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை!

தளத்தை இன்னும் இரண்டடி உயர்த்தச் சொன்னார். "பணத்துக்கு எங்கே போவது, அப்பா?" என்றார் தகப்பனார். பாட்டனார் பேசாமல் ஊர் திரும்பினார். பத்தே நாளில் மணியார்டர் வந்தது; 'நெல் விற்ற பணம்' என்று எழுதியிருந்தார்.

அவர் காலமான பின், கொட்டிலில் நுகத்தடி தூசி படிந்து கிடப்பதைக் கண்டு பாட்டியிடம் விசாரித்தோம்.

"அந்த வருஷமே மாட்டை வித்துட்டார். அப்புறம் கடைசி வரைக்கும் கூலி ஏர்தான். உங்கப்பன்கிட்டே சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்."

பக்கத்தில் நின்றிருந்த தகப்பனார் அன்று சாப்பிடவில்லை.

2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் மறுபடியும் ஏரியாயின. நம் வீட்டில் மூன்றாம் படியோடு தண்ணீர் நின்றது. அண்டை வீட்டார் குழந்தை குட்டிகளோடு நம் கூடத்தில் வந்து படுத்தார்கள். இரவு முழுவதும் நான்காம் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாடுகளில் ஒன்று மயிலை என்று பாட்டி சொன்ன ஞாபகம். மற்றது என்ன நிறமென்று கேட்காமலே விட்டுவிட்டோம்.