எங்கட சேவரும் ஒரு பொடியனும்



ஒரு விசயத்தை எழுதாமல் விட்டால் மனசு கேட்காது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. 4 ஜீபீ ரேம், லினக்ஸ். அதுதான் எங்கட சேவர். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எல்லா ஆசிரியர்களும் அதில்தான் பதிகிறார்கள். அந்தப் புரோகிராமை எழுதியவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். ஏ.எல் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பொடியன். ஒரு சதம் வாங்கவில்லை.

இந்தத் தவணை, பகல் 1 மணியானால் சேவர் இறுகத் தொடங்கியது. டேட்டாபேஸ் தானாக நின்றுவிடும், பதிந்துகொண்டிருந்த புள்ளிகள் போய்விடும். ரீஸ்டார்ட் பண்ணினால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த நாள் திரும்பவும் அதே கதை. ஸ்டாஃப் ரூமில், "பொடியன்ட வேலைதானே, இப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு வந்தது. கணினிக் கூடத்துக்குப் பொறுப்பான நாங்கள் இரண்டு பேரும் அதை மறுக்கவில்லை. சரியாகச் சொன்னால், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். போன் எடுத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினோம். அபிவிருத்திச் சங்கத்திடம் புதிய ரேமுக்குக் காசும் கேட்டுவிட்டோம்.

பொடியன் அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டான். கோபம் காட்டவில்லை. "சேர், ஒரு நாளைக்குப் பாத்துட்டு முடிவெடுப்பமே" என்றான்.

முதலில் எங்கள் ஒரு பயத்தைத் தீர்த்தான். 'ஃப்ரீ' என்ற பகுதியில் மிகக் குறைந்த மெமரி காட்டுவதைப் பார்த்து நாங்கள் பதறியிருந்தோம். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியில் டிஸ்கில் வாசித்ததை வைத்துக்கொள்ளும், தேவை வந்தால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' என்ற பகுதியை. ஆனால் அதுவும் நேரம் போகப்போகக் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆகவே நோய் உண்மை.

பிறகு சேவரின் பதிவுகளைக் காட்டினான். மெமரி முற்றாகத் தீர்ந்தால் லினக்ஸ் தன்னைக் காப்பாற்ற ஒரு புரோகிராமைக் கொல்லும். பெரும்பாலும் அந்த நேரத்தில் அதிகம் மெமரி வைத்திருப்பதைத்தான் கொல்லும். எங்கள் சேவரில் பெரியது டேட்டாபேஸ். "சேர், அடி வாங்கினது டேட்டாபேஸ். அதுதான் பிழை செஞ்சதெண்டு இல்லயே" என்றான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று ஒரு கோப்பில் எழுத வைத்தோம். லுஹருக்குப் பிறகு மூவரும் இருந்து பார்த்தோம். டேட்டாபேஸ் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது. அவனது புரோகிராமும் அப்படித்தான். ஆனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், காலை 8 மணிக்கு ஒன்று, 9 மணிக்குப் பன்னிரண்டு, 1 மணிக்கு அறுபது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 எம்பீ. கணக்குப் போட்டால் 2 ஜீபீக்கு மேல்.

அந்த ஸ்கிரிப்டை எழுதியது யார்? நாங்கள்.

போன வருடம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளிகளை ஒபிஸ் கணினியில் உள்ள ஃபோல்டருக்குப் பிரதி எடுக்க எழுதியது. இந்தத் தவணை கரண்ட் பில்லைக் குறைக்க, காலை 8 மணிக்கு இடாப்பு வேலை முடிந்ததும் ஒபிஸ் கணினியை நிறுத்தச் சொன்னதும் நாங்கள்தான். ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் காத்து நின்றது. 5 நிமிடத்தில் அடுத்தது வந்து பின்னால் நின்றது. ரீஸ்டார்ட் பண்ணினால் ஏன் சரியாகிறது என்பதும் விளங்கியது. ஒபிஸ் கணினி நின்றிருப்பதால் அந்த ஃபோல்டர் இணையாது, பிரதி சேவரிலேயே விழும், வரிசை உருவாகாது.

திருத்தம் சின்னது. ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அடுத்தது தொடங்காதபடி ஒரு பூட்டு. பிரதி எடுப்பது தினமும் ஒரு தடவை, காலை 7.30க்கு, ஒபிஸ் கணினி ஓடும் நேரத்தில். அல்ஹம்துலில்லாஹ், மூன்று வாரமாகச் சேவர் நிற்கவில்லை. ரேமுக்குக் கேட்ட காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எங்களைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த ரேமை வாங்கிப் போட்டிருந்தால் பாடசாலை விடும் 2 மணிக்குள் மெமரி நிரம்பியிருக்காது. பிழை மறைந்திருக்கும். பொடியன் மேல் போட்ட பழி மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் முன்னால், பிழை எங்களுடையது என்று சொல்லிவிட்டோம். அவனிடமும், "மகன், மன்னிச்சுக்கோ" என்றோம். "பரவால்ல சேர், ஸ்கிரிப்ட் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சிரித்தான்.

பழி ஊருக்குள்ளேயும் போயிருந்தது. அதனால்தான் இதையும் ஊருக்கு முன்னால் எழுதுகிறோம்.