பொதிக்குள் வந்த வரி

கித்துல்கல பகுதியில், களனி கங்கையின் இரைச்சல் கேட்கும் தோட்டப் பாடசாலை ஒன்றில் நாம் கற்பிக்கிறோம். ரப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே வளர்ந்த எம் மாணவர், ஓர் இலையின் உயிரணுவைக் கண்ணாற் கண்டதில்லை. அவர்களுக்கு ஒரு நுணுக்குக்காட்டி வாங்கத் தீர்மானித்தோம். பெற்றோர் தத்தம் நாட்கூலியில் மிச்சம் பிடித்துத் தந்தனர். குறைந்ததை நாம் இட்டோம். கடல் கடந்த வியாபாரி ஒருவரிடம் இணையவழியே பணம் கட்டி, விலை மலிவென்று மகிழ்ந்தும் இருந்தோம்.

பொதி வரவில்லை, ஒரு துண்டு வந்தது. வியாபாரி எமக்கு உதவுவதாய் எண்ணி, பொதியின் மேல் 'பரிசு' என எழுதி, உண்மை விலையிற் பாதியையே குறித்திருந்தார். உண்மையான பற்றுச்சீட்டைக் காட்டும்வரை பொதி சுங்கத்திலேயே கிடந்தது. காட்டியபின் வரி கேட்கப்பட்டது. அதற்குக் கையிற் பணமில்லை. மீண்டும் லயங்களுக்கு நடந்தோம்.

"சாமானுக்குத்தான் காசு குடுத்துட்டோமே மாஸ்டர், இது யாருக்கு?" என்று கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் கேட்டார். பட்டம் பெற்ற எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அந்த வெட்கமே எம்மைப் படிக்க வைத்தது.

சுங்கம் கடை விலையை மட்டும் பார்ப்பதில்லை. விலை, காப்புறுதி, ஏற்றுகூலி ஆகிய மூன்றும் கூடியதே வரிக்குரிய பெறுமதி. பொருள் எந்தத் தலைப்பில் அடங்குகிறதோ அதற்கேற்பத் தீர்வை வீதம் மாறும். இத்தலைப்புகளுக்கு 1988 முதல் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஆறிலக்க எண்முறை உண்டு. வீதத்தையோ அந்தந்த நாடே நிர்ணயிக்கிறது. தீர்வையின் மேல், பொருளுக்கேற்பச் செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, பெறுமதி சேர் வரி என அடுக்குகள் ஏறும். கடைசியிற் சொன்னது 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

கரும்பலகையில் ஒரு கணக்கிட்டோம். பொருளின் விலை 20,000 ரூபா. ஏற்றுகூலியும் காப்புறுதியும் 5,000 ரூபா. தீர்வை 20 சதவீதம் எனக் கொண்டால் அது 5,000 ரூபா. கூட்டுத்தொகை 30,000, அதன்மேல் 18 சதவீதம் 5,400. ஏனைய அறவீடுகளை ஒதுக்கினாலும் வரி 10,400 ரூபா! வரியின்மீதும் வரி ஏறுவதை மாணவரே கண்டு கூறினர்.

இது புதிய கதையன்று. 1892இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் நெல் விளைச்சல் மீதான வரியை நீக்கத் தீர்மானித்தது. இறக்குமதி அரிசி மீதான தீர்வையோ நீடித்தது. அந்த அரிசியை உண்டு உழைத்தவர் யார்? தோட்டத் தொழிலாளர். எம் மாணவரின் பூட்டன்மார் ஒவ்வொரு கவளத்திலும் சுங்கம் செலுத்தினர். அவர்களுக்குத் துண்டு எதுவும் வரவில்லை. ஆதலால் அதனை அறியவுமில்லை.

தீர்வையே கூடாதென நாம் சொல்லவில்லை. உள்நாட்டு உற்பத்திக்கு அது அரணாகலாம். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசுக்குப் பணம் வேண்டும். ஆனால் இவ்வரி செலுத்துவோரின் வருமானம் என்னவென்று கேட்பதில்லை. துரையின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரே வீதம் என்பதைச் சமத்துவம் என யார் கூறுவர்?

வெளிநாட்டுப் பொருளுக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறோம். பொருள் எத்தலைப்பில் அடங்கும்? ஏற்றுகூலியோடு பெறுமதி எவ்வளவு? வரியைக் கட்டுபவர் விற்பவரா, பெறுபவரா? பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; பொய் விலை எழுத இடங்கொடாதீர்கள்.

அந்தத் தாயிடம் திரும்பிச் சென்று கணக்கை விளக்கினோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அப்ப கடையில வாங்குற வெளிநாட்டுச் சாமானிலயும் இது இருக்குதா மாஸ்டர்?" என்றார்.

"இருக்கிறது அம்மா, துண்டு மட்டும் வருவதில்லை" என்றோம்.

"எங்கள யாரும் கேக்கலியே" என்றார் அவர். அந்த முறைப்பாட்டை அவர் லயத்து வாசலில் தனித்து நின்று சொல்லும்படி விட்டுவிடுவது, கணக்குக் கற்பிக்கும் எமக்குத் தகாது.